ஆய்வுக்காக ஓர் இதய ஸ்கான்: ஒப்பமிடுவதற்கு முன்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய நலவாழ்வுக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்துக்குப் பின்னால் இருந்த பௌதிகவியல் ஆய்வுகூடத்தில்தான் நாம் முதன்முதலில் காந்தப்புலத்தைக் கண்டோம். ஒரு வெள்ளைத் தாள், அதன்கீழ் ஒரு சட்டக் காந்தம், மேலே தூவிய இரும்பரத்தூள். ரீச்சர் தாளை மெல்லத் தட்டியதும் தூள் வளைகோடுகளாக ஒழுங்குபட்டு நின்றதைப் பார்த்து வாய் பிளந்து நின்றோம். மின்சாரம் இல்லாத, மின்கலம்கூட வாங்கமுடியாத காலம் அது. அந்தக் காந்தத்துக்கு மின்சாரம் தேவைப்படவில்லை என்பதாலேயே அந்தப் பாடம் தடையின்றி நடந்தது.

இன்று எங்கள் வேலை இங்கிலாந்தில், காந்தத்தைக் கொண்டு இதயத்தைப் படம்பிடிக்கும் ஒரு வைத்தியசாலைப் பிரிவில். கடந்த சில வருடங்களாக லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் என்று பல இடங்களிலும் உள்ள எமது பழைய மாணவிகளிடமிருந்து ஒரே மாதிரியான கேள்வி வருகின்றது. "ஆராய்ச்சிக்கு எண்டு இதய எம்.ஆர்.ஐ. எடுக்கக் கேட்டுக் கடிதம் வந்திருக்கு. போகலாமோ? ஆபத்து ஒண்டும் இல்லையோ?" தனித்தனியே சொன்ன பதில்களை ஒன்றுசேர்த்து இன்று சொல்ல விரும்புகின்றோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். நெஞ்சு வலி என்று வைத்தியரிடம் போய், அவர் ஸ்கான் எடுக்கச் சொன்னால், அது எமக்காக எடுக்கப்படுவது. அதில் சிறிய ஆபத்து இருந்தாலும் அதற்கு ஈடாக எமக்கு ஒரு நன்மை உண்டு. ஆய்வுக்காக எடுக்கும் ஸ்கான் அப்படியல்ல. அதன் நன்மை நாளை வரப்போகும் யாரோ ஒருவருக்கு. படுத்திருப்பவருக்கு அதனால் கிடைப்பது பெரும்பாலும் போக்குவரத்துச் செலவும் ஒரு நன்றிக் கடிதமும்தான். எனவே வைத்தியத்துக்காக ஏற்றுக்கொள்ளும் ஆபத்தை ஆய்வுக்காக ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை; ஏற்றுக்கொள்ளுமாறு கேட்பதும் முறையல்ல. 1964 இல் உலக மருத்துவச் சங்கம் வெளியிட்ட ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் அடிப்படை இதுதான். ஆய்வின் பயன் எவ்வளவு பெரிதானாலும் பங்குபற்றுபவரின் நலன் அதற்கு மேலானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்திலும் இதனைக் கவனிக்கவென ஒரு குழு இயங்குகின்றது.

இனி ஸ்கானுக்கு வருவோம். எக்ஸ்றேயிலும் சி.ரி. ஸ்கானிலும் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை. எனவே "புற்றுநோய் வருமோ" என்ற பயத்தை ஒருபக்கம் வைத்துவிடலாம். எமது உடலிலுள்ள நீரில் இருக்கும் ஐதரசன் கருக்கள் பலமான காந்தப்புலத்தில் ஒழுங்குபடுகின்றன. வானொலி அலையொன்றால் அவற்றைச் சற்றுக் கலைத்துவிட்டு, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது தரும் சமிக்ஞையைப் படமாக்குகின்றோம். இம்முறையை வளர்த்தெடுத்த போல் லோற்றபர், பீற்றர் மான்ஸ்ஃபீல்ட் ஆகியோருக்கு 2003 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்கானை அனுபவத்தில் சொல்வதானால், எங்கள் பிரிவில் வேலை செய்யும் நாங்களும் தொண்டர்களாக அந்தக் குழாய்க்குள் படுத்திருக்கின்றோம். நெஞ்சில் மின்வாய்களை ஒட்டுவார்கள். நெஞ்சின்மேல் ஒரு தட்டுப் போன்ற கருவியை வைப்பார்கள். "மூச்சை உள்ளே எடுங்கள், வெளியே விடுங்கள், அப்படியே நிறுத்துங்கள்" என்று பத்துப் பதினைந்து விநாடிகள் நிறுத்தச் சொல்வார்கள். இதைப் பல தடவை செய்யவேண்டும். ஆய்வைப் பொறுத்து 20 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை எடுக்கும். சத்தம் தகரக் கூரையில் சுத்தியலால் அடிப்பது போலிருக்கும். அதனால் காதடைப்பான் இல்லாமல் ஒருபோதும் படுக்கக்கூடாது. சிலருக்கு ஒடுங்கிய இடத்தில் மூச்சு முட்டும், பயம் வரும். கையில் ஓர் அழுத்தும் பந்து தருவார்கள். அதை அழுத்தினால் வெளியே எடுத்துவிடுவார்கள். பாதியில் வெளியே வந்தால் ஆய்வு கெட்டுப்போகுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கவேண்டாம். நாம் அப்படிக் கிடக்கப் பழகியவர்கள் என்பது தெரிந்துதான் சொல்கின்றோம்.

உண்மையான ஆபத்து காந்தத்தில்தான் இருக்கின்றது. இதய ஸ்கானுக்குப் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா வலுவுள்ள காந்தங்களைப் பாவிக்கின்றோம். 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 30,000 மடங்கு. ஸ்கான் முடிந்த பின்னரும், இரவில் அறை பூட்டிக் கிடக்கும்போதும் அந்தக் காந்தம் இயங்கிக்கொண்டே இருக்கும். 2001 இல் நியூயோர்க் மாநிலத்தில், ஸ்கானுக்குள் படுத்திருந்த 6 வயதுச் சிறுவன், அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஒட்சிசன் கொள்கலம் காந்தத்தால் இழுக்கப்பட்டு மோதியதால் இறந்தான். 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளியோடு வந்த உறவினர் ஒருவர் ஒட்சிசன் கொள்கலத்தோடு உள்ளே போய் உயிரிழந்தார். 2025 ஜூலையில் நியூயோர்க்கின் லோங் ஐலண்டில், மனைவியை எழுப்பிவிட உள்ளே போன ஒருவர் கழுத்தில் அணிந்திருந்த கனமான உலோகச் சங்கிலியால் இழுக்கப்பட்டு மறுநாள் இறந்தார். பின்னைய இருவரும் ஸ்கான் எடுக்கப் போனவர்கள் அல்லர், கூட வந்தவர்கள். எனவே துணைக்குப் போகும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இத்தகைய விபத்துகள் மிக அரிது. உலகெங்கும் ஒவ்வொரு நாளும் எண்ணற்றோர் ஸ்கான் எடுத்து நலமாக வீடு திரும்புகின்றனர். அதற்குக் காரணம், கதவுக்கு வெளியே நிகழும் கேள்விகள். ஊக்கு, கொண்டை ஊசி, கைத்தொலைபேசி, மணிக்கூடு, வங்கி அட்டை எல்லாம் வெளியே வைக்கப்படவேண்டும். தங்கம் காந்தத்தால் இழுக்கப்படுவதில்லை. ஆனால் சங்கிலிக் கொளுக்கியின் உள்ளே இருக்கும் சிறிய வில் உருக்காக இருக்கலாம். அத்தோடு வானொலி அலைகள் உலோகத்தில் மின்னைத் தூண்டி அதைச் சூடாக்கும். தாலிக்கொடியைக் கழற்றமாட்டேன் என்று வாசலில் நின்று கண்கலங்கிய அம்மாமாரைப் பார்த்திருக்கின்றோம். வீட்டிலேயே கழற்றி, சுவாமிப் படத்தின் கீழ் வைத்துவிட்டு வந்தால் அந்தச் சங்கடம் இல்லை. சரிகை வைத்த உடுப்பும், வெள்ளி இழை கலந்த விளையாட்டு ஆடைகளும் தோலைச் சுடக்கூடியவை. தோலில் ஒட்டும் சில மருந்துப் பட்டைகளின் பின்புறமும் உலோகமே. கையும் கையும், தொடையும் தொடையும் தொட்டுக்கொண்டிருந்தால்கூட அந்த இடத்தில் சூட்டுக் காயம் வரலாம். அதனால்தான் இடையில் மெத்தைத் துண்டு வைக்கின்றோம். எங்காவது சுடுவது போலிருந்தால் உடனே பந்தை அழுத்துங்கள்.

உடலுக்குள் இருப்பவற்றையும் சொல்லவேண்டும். இதயத்துடிப்புக் கருவி, மூளையில் வைத்த கவ்வி, காதுக்குள் பொருத்திய கருவி, இன்சுலின் பம்பி, கையில் ஒட்டிய குளுக்கோசு உணரி எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். இதயக் குழாய்க்குள் வைத்த ஸ்ரென்ற், செயற்கை வால்வு, கருத்தடைச் செப்பு வளையம் ஆகியவை பெரும்பாலும் தடையல்ல. ஆனாலும் அதைத் தீர்மானிக்கவேண்டியவர் நாமல்லர், அங்குள்ளவர். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஆய்வு ஸ்கானைத் தள்ளிப்போடுங்கள்.

இவ்விடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு, அவரை அடையாளங்காட்டாமல் சொல்கின்றோம்.

எமக்குச் சில வகுப்புகள் மேலே படித்த ஓர் அக்கா, இதய ஆய்வொன்றுக்குச் சுகதேகியான தொண்டராக வந்தார். படிவத்தில் "உடலில் எங்காவது உலோகத் துண்டுகள் உள்ளனவா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று அடையாளமிட்டிருந்தார். உடுப்பு மாற்றி, நகை கழற்றி, எல்லாம் ஆயத்தம். ஊரையும் வயதையும் பார்த்த நாங்கள் அருகே போய்த் தமிழில் கேட்டோம். "அக்கா, ஷெல் காயம் ஏதும் பட்டதோ?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இடது தோளைத் தொட்டுக் காட்டினார். "அது கன காலத்துக்கு முந்தி. இப்ப ஒண்டும் செய்யாது."

எக்ஸ்றே எடுத்தோம். தோளில் இரண்டு துண்டுகள். மூன்றாவது கழுத்துக்குக் கிட்ட, பெரிய குருதிக் குழாயொன்றின் அருகில். ஸ்கானை நிறுத்திவிட்டோம்.

ஏன் "இல்லை" என்று போட்டீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்ன காரணத்தை நாம் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் மகள் இருந்தாள். அந்தக் காயம் எப்படி வந்தது, அன்று கூட இருந்தவர் யார், அவருக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் மகளுக்குத் தெரியாது. "ஓம்" என்று போட்டால் அவள் கேட்பாள்.

சகோதரிகளே, அந்தக் கேள்வியை எழுதியவர்கள் உலோகப் பட்டறையில் வேலை செய்பவரை மனதில் வைத்தே எழுதியிருப்பார்கள். கண்ணுக்குள் இரும்புத் துணிக்கை இருந்த ஒருவருக்கு ஸ்கானின்போது அது அசைந்து, கண்ணில் இரத்தம் கசிந்து பார்வை போன சம்பவம் 1980களிலேயே மருத்துவ ஏடுகளில் பதிவாகியது. எமது சமூகத்தில் அந்தக் கேள்விக்கு வேறொரு பொருள் இருக்கின்றது. பதுங்கு குழிக்குள் பாடம் படித்தவர்கள் நாம். 1995 ஒக்ரோபர் 30 இரவு நடந்துபோனவர்கள். வன்னியில் இறுதிவரை இருந்தவர்களும் எம்மிடையே இருக்கின்றார்கள். துண்டை எடுத்தால் கூடுதல் சேதம் வரும் என்று வைத்தியர்கள் விட்டுவைத்தது பலருடைய உடலில் இன்றும் இருக்கின்றது. ஷெல் துண்டு பெரும்பாலும் உருக்கு. அது காந்தத்தால் அசையலாம், சூடாகலாம். நீண்டகாலம் தசைக்குள் இருந்து சுற்றிவரத் தழும்பு கட்டியது பலருக்குத் தொல்லை தராமலும் இருக்கலாம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய குருதிக் குழாய் ஆகியவற்றுக்கு அருகில் என்றால் அது வேறு கதை. வைத்தியத்துக்கு அவசியமான ஸ்கான் என்றால் நன்மையையும் தீமையையும் நிறுத்துப் பார்த்து முடிவெடுப்போம். ஆய்வுக்கு என்றால் நிறுத்துப் பார்க்க மறுதட்டில் ஒன்றும் இல்லை. எனவே எடுக்கமாட்டோம்.

அடுத்தது ஊசி. எல்லா ஆய்வு ஸ்கான்களிலும் ஊசி இல்லை. பிரித்தானியாவின் யூ.கே. பயோபாங்க் ஆய்வில் இதய ஸ்கான் ஊசி மருந்தின்றியே எடுக்கப்படுகின்றது. வேறு சில ஆய்வுகளில் இதயத் தசையின் தழும்புகளைக் காண கடோலினியம் என்ற உலோகம் அடங்கிய மருந்தை நாளத்தில் ஏற்றுவார்கள். சிலருக்கு ஓங்காளம், தலையிடி, தோல் தடிப்பு வரலாம். கடுமையான ஒவ்வாமை மிக அரிது. ஆனால் நிகழ்ந்தால் உடனடி வைத்தியம் வேண்டும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களில் சிலருக்குத் தோலும் மூட்டுகளும் இறுகிப்போகும் ஒரு கொடிய நோய்க்கும் இம்மருந்துக்கும் உள்ள தொடர்பு 2006 இல் தெரியவந்தது. அதன்பின் சிறுநீரகத்தைப் பரிசோதித்தே ஊசி போடுவது வழக்கமாயிற்று. நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் மலிந்த எமது சமூகத்தில், வவுனியா வரை சிறுநீரக நோய் பரவியுள்ள எமது நாட்டில், இது வெறும் சடங்கல்ல. மருந்தில் மிகச் சிறு அளவு மூளையில் தங்குவதாக 2014 முதல் ஆய்வுகள் காட்டின. அதனால் தீங்கு விளைந்ததாக இதுவரை நிறுவப்படவில்லை. ஆனாலும் கூடுதலாகத் தங்கும் வகை மருந்துகள் பலவற்றை ஐரோப்பா 2017 இல் நிறுத்திவைத்தது. "எந்த வகை? ஏன் அவசியம்?" என்று கேட்பது உங்கள் உரிமை.

இதயத்தை ஓடவைத்துப் பார்ப்பதற்குப் பதிலாக அடினோசின் என்ற மருந்தை ஏற்றும் ஆய்வுகளும் உண்டு. சில நிமிடங்களுக்கு நெஞ்சு இறுகும், முகம் சூடாகும், மூச்சு வாங்கும். மருந்தை நிறுத்தியதும் விரைவில் அடங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்லவேண்டும். முதல் நாளிலிருந்தே தேநீர், கோப்பி, கோலா, சொக்கிளேற் கூடாது. காலையில் பிளேன்ரீ குடிக்காமல் வரச் சொன்னால் எமது ஆட்களுக்கு ஊசியைவிட அதுதான் பெரிய தண்டனை. "ஒரு வாய்தான் குடிச்சனான்" என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள், வேறு நாள் தருவார்கள்.

எம் அனுபவத்தில், அதிகம் பேரை அலைக்கழிக்கும் ஆபத்து காந்தமோ மருந்தோ அல்ல. எதிர்பாராமல் கண்ணில்படும் ஒரு நிழல்தான் அது. நெஞ்சைப் படமெடுக்கும்போது நுரையீரலும் ஈரலின் ஒரு பகுதியும் சேர்ந்தே விழும். யூ.கே. பயோபாங்கில் முதலில் ஸ்கான் எடுத்த 1,000 பேரின் படங்களைக் கதிரியல் வைத்தியர்கள் ஒன்றுவிடாமல் வாசித்தபோது 179 பேரிடம் பாரதூரமாக இருக்கக்கூடிய ஏதோ ஒன்று இருப்பதாகக் குறித்தனர். ஸ்கான் எடுப்பவரின் கண்ணில் தற்செயலாகப் பட்டால் மாத்திரம் குறிப்பது என்ற முறையில் அது 18 பேர். தொடர்ந்து பரிசோதித்தபோது பெரும்பாலானவை பாரதூரமானவை அல்ல என்று தெரிந்தது.

எமது வகுப்புத் தோழி ஒருவருக்கு இப்படித்தான் ஈரலில் ஒரு நிழல் என்று கடிதம் வந்தது. மூன்று கிழமை நித்திரையில்லை. பிள்ளைகளின் படிப்புக்கு யார் பொறுப்பு என்றுகூட எழுதிவைத்துவிட்டார். கடைசியில் அது ஒன்றும் செய்யாத குருதிக் குழாய்க் கட்டி. இதற்கு மறுபக்கமும் உண்டு. இன்னொருவருக்கு இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்திருந்தது தெரியவந்து, அவருடைய தம்பிக்கும் அதே பரம்பரை நோய் இருப்பது நேரத்தோடு கண்டுபிடிக்கப்பட்டது. எது வரும் என்று முன்கூட்டிச் சொல்லமுடியாது. சில ஆய்வுகள் எதையும் அறிவிக்கமாட்டா. சில பாரதூரமானதை மட்டும் அறிவிக்கும். கண்டுபிடிப்பு ஆயுட் காப்புறுதி விண்ணப்பத்தையும் பாதிக்கலாம். ஆகவே, ஒன்றும் அறிவிக்கப்படவில்லை என்றால் "என் இதயம் சுகம்" என்று பொருள் கொள்ளவும் கூடாது. ஆய்வு ஸ்கான் ஓர் உடற்பரிசோதனை அல்ல. நெஞ்சு வலித்தால் வைத்தியரிடமே போகவேண்டும்.

அப்படியானால் போகவேண்டாம் என்கின்றோமா? இல்லை. யூ.கே. பயோபாங்கில் 2006 முதல் 2010 வரை சேர்க்கப்பட்ட ஐந்து இலட்சம் பேரில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேர் வெள்ளையர். 2025 இல் அங்கே ஒரு இலட்சமாவது நபருக்கும் ஸ்கான் எடுத்து முடித்தார்கள். தென்னாசியருக்கு மாரடைப்பு இளவயதிலேயே, கூடுதலாக வருகின்றது என்பது எமக்கெல்லாம் வீட்டு அனுபவம். பெண்களின் நெஞ்சு நோயை "வாய்வு" என்று தள்ளிவிடுவதும் எமக்குத் தெரியும். சாதாரண இதயத்தின் அளவு இவ்வளவு என்று தீர்மானிக்கும் அட்டவணைகளில் எமது பெண்களின் இதயங்கள் போதியளவு இல்லையென்றால், நாளை எமது பிள்ளைகளின் இதயத்தை வேறு யாருடைய அளவுகோலாலோதான் அளக்கவேண்டிவரும். ஆகவே, போகக்கூடியவர்கள் போங்கள். அறிந்துகொண்டு போங்கள்.

ஒப்பமிடுவதற்கு முன் ஆறு கேள்விகளைக் கேளுங்கள். ஊசி உண்டா, என்ன மருந்து? எவ்வளவு நேரம்? ஏதாவது கண்டால் எனக்கு அறிவிப்பீர்களா, யார் மூலம்? என் படங்கள் யாரிடம், எத்தனை காலம் இருக்கும், கம்பனிகளுக்கும் போகுமா? இடையில் விலகினால் என் தரவுகளுக்கு என்ன ஆகும்? தீங்கு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லாத இடத்தில் படுக்கவேண்டாம். படிவத்தைத் தனியாக இருந்து நிரப்புங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைக்கவேண்டாம். காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

அந்த அக்கா ஸ்கான் இல்லை என்றதும் உடுப்பை மாற்றிக்கொண்டு வந்து, "அப்ப என்னால ஒரு பிரயோசனமும் இல்லையோ?" என்று கேட்டார். குருதி மாதிரியும் எக்கோப் பரிசோதனையும் போதுமான இன்னொரு பகுதி அந்த ஆய்விலேயே இருந்தது. அதில் சேர்ந்துகொண்டார். எக்ஸ்றேயின் பிரதியை வாங்கி, தன் குடும்ப வைத்தியரின் பதிவிலும் சேர்க்கச் சொன்னோம். நாளைக்குப் பக்கவாதம் வந்து பேச்சு மூச்சின்றிக் கொண்டுபோனால், அவசர ஸ்கானுக்கு முன் அவருக்காக யார் பதில் சொல்வார்கள்? மகள்தான். அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். அதைச் சொன்னபோது அக்கா ஒன்றும் பேசவில்லை. இரண்டு கிழமை கழித்து ஒரு தகவல் அனுப்பியிருந்தார். "பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன். எல்லாம் சொல்லேல்லை. துண்டு இருக்கெண்டு சொன்னன்."

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு தாளில் உங்கள் உடலில் இருக்கும் உலோகம் எது, எங்கே, எந்த வருடத்திலிருந்து என்று எழுதி, அடையாள அட்டையோடு வையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள். காரணத்தைச் சொல்லவேண்டும் என்றில்லை. இடத்தைச் சொன்னால் போதும்.